காதால் கற்ற மொழிக்கு மதிப்பில்லையா?

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில்தான் என் கணவருக்கு வேலை. 1996-ல் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டி, 1998-ல் சான்ட்ரோ கார் வெளியே வந்த காலத்திலிருந்தே எங்கள் பக்கத்தில் கொரியாக்காரர்கள் நடமாட்டம்தான். நெடுஞ்சாலையோரம் அவர்கள் எழுத்தில் போர்டு மாட்டிய ஓட்டல்களை பஸ்ஸில் போகும்போது பார்ப்பதோடு சரி. உள்ளே கால் வைத்ததில்லை. கொரிய நாடகம் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்ட என் மகள், போன மாதம் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனாள்.

நாங்கள் சைவம். மெனு கார்டைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தபோது, பரிமாறும் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும், பக்கத்துக் கிராமம்தான்.

"கறி வேணாம்னா 'கோகி பே ஜுசேயோ'ன்னு சொல்லணும்மா. கிம்ச்சியும் தொடாதீங்க, வெறும் கோஸுன்னு நினைப்பீங்க, அதுல இறால் உப்பு போடுவாங்க" என்றார். சைவத் தோழிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்!

அதற்குள் பக்கத்து மேஜையில் இருந்த கொரியர்கள் "இமோ!" என்று கூப்பிட, இவர் கடகடவென்று அவர்கள் பாஷையில் பதில் சொன்னாரே பார்க்கலாம், எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. இமோ என்றால் சித்தி, பெரியம்மா முறையாம். நாம் ஓட்டலில் 'அக்கா' என்று கூப்பிடுகிறோமே, அது மாதிரி.

சாப்பிட்டு முடிப்பதற்குள் எனக்கும் நாலு வார்த்தை வந்துவிட்டது. தண்ணீர் 'முல்', சோறு 'பாப்'. அப்பாவுக்கு அங்கேயும் அப்பாதான். "எல்லாம் இங்கேயிருந்து போனதுதான்" என்று என் கணவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். 1905-லேயே ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். ஆனால் இன்றைய மொழி ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்பதில்லை. குழந்தை வாயில் முதலில் வரும் சொற்கள் பல நாட்டிலும் ஒரே மாதிரிதானே இருக்கும்! எனக்குப் பிடித்தது வேறு. அவர்களும் ஒருவரையொருவர் பார்த்தால் 'பாப் மொகொஸ்ஸொயோ?', அதாவது சாப்பிட்டாச்சா என்றுதான் நலம் விசாரிப்பார்களாம்.

பேச்சு வளர்ந்தபோதுதான் மனசு கஷ்டப்பட்டது. முன்பு ஒரு கெஸ்ட் ஹவுஸில் பதினொரு வருஷம் சமையல்கட்டில் இருந்தாராம். கொரியப் பெண்களுக்குக் காய்கறிக் கடையில் பேரம் பேசுவது, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் எடுத்துச் சொல்வது எல்லாம் இவர்தான். சம்பளம் மட்டும் பாத்திரம் கழுவுகிற சம்பளம். "எனக்கு இன்னாம்மா படிப்பு? காதால கேட்டதுதான். சர்டிபிகேட் கேக்குறாங்களே" என்றார்.

அந்த சர்டிபிகேட்டுக்கு 'டோபிக்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதன் ஆரம்ப நிலையில் கேட்பதும் வாசிப்பதும்தான் சோதனை. பேச்சுக்கு மார்க் கிடையாது. வாசிக்கத் தெரியாதவருக்கு, எவ்வளவு சரளமாகப் பேசினாலும் கதவு சாத்தித்தான் இருக்கும். இத்தனைக்கும் கொரிய மொழியில் அடிப்படை எழுத்து 24-தான். சாதாரண ஜனங்களும் படிக்க வேண்டும் என்றே சேஜோங் மன்னர் 1446-ல் வெளியிட்ட எழுத்தாம் அது. நம் 247-ஐ நினைத்துப் பாருங்கள்!

சென்னையில் 2006-ல் தொடங்கிய இன்கோ மையத்தில் கொரிய மொழி சொல்லித் தருகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு வேலை முடிகிற பெண் அங்கே எப்படிப் போவாள்? இங்கேயே பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வகுப்பு வைத்தால் என்ன? மகளிர் சுய உதவிக் குழுக்கள் கேட்டால், கம்பெனிகள் ஒரு வாத்தியாரை அனுப்ப மாட்டார்களா? "பேசத் தெரிஞ்சா போதாதா, எழுத்து எதுக்கு?" என்கிறார் என் கணவர். அவர் மாசம் பொறந்தா சம்பளம் வாங்குவதே எழுத்தை வைத்துத்தான் என்று சொல்லிவிட்டேன்!

கிளம்பும்போது என் மகள், செல்போன் பார்த்துக் கற்ற எழுத்தில், பில்லின் பின்பக்கம் அந்த அக்காவின் பெயரை எழுதிக் கொடுத்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என் பேரு எங்கம்மா ஆரம்பிக்குது?" என்று கேட்டார்.

- ஒரு வாசகி, இருங்காட்டுக்கோட்டை