எவரை எண்ணினோம்?

தமிழ்த்துறை மலரில் கணக்கிற்கு என்ன இடம் என வினவுவோர் உளர். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபினர் நாம். ஆயினும் கலைப்பிரிவில் சேர்ந்த நாள்முதல் ஒரு கண்ணை மூடிக்கொண்டே நடக்கப் பழகிவிட்டோம். அதனால் நாம் இடறி விழுந்த கதையை மறைக்காமல் உரைப்பது நலம்.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழங்க விழைந்த ஊர்ப் பெரியோர், அத்தகையோரைக் கணக்கெடுத்துத் தருமாறு நம்மிடம் வேண்டினர். நம் மாணவர்கள் வினாப்படிவங்களோடு ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளிவருவோரை வாசலில் எதிர்கொண்டனர். படிவங்கள் கட்டுக்கட்டாய்க் குவிந்தன. படிப்பை நிறுத்திய பெண்மக்கள் மிகச் சிலரே என முடிவு கண்டு, தொகையின் பெரும்பகுதி ஆண்மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. உண்மை பின்னரே புலப்பட்டது. அவ்வாசலில் தாய்மார் இல்லை. கணவர் வளைகுடா நாட்டில் உழைக்கத் தாமே குடும்பம் நடத்தும் பெண்களின் வீடுகளிலிருந்து ஒரு படிவமும் வரவில்லை. பலர் பார்த்திருக்க, மகளின் படிப்பை நிறுத்தினேன் என்று எழுத எந்தத் தந்தையின் கை துணியும்? பிழை நம்முடையதே.

படிவங்கள் இன்னும் மிகுதியாக இருந்திருந்தால் பிழை குறைந்திருக்கும் எனக் கருதுவோர் 1936ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலை நினைவுகூர்தல் வேண்டும். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் என அறிவித்தது. ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார். பெயர்கள் பெரும்பாலும் தொலைபேசி, மோட்டார் வண்டி வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பஞ்சகாலத்து ஏழை அப்பட்டியல்களில் அரிதாகவே இருந்தான். விடை எழுதி அனுப்பாதோரின் கருத்தும் அறியப்படவில்லை.

ஆகவே முதல் தேவை முழுமையான பட்டியல். இதனை நமக்குக் கற்பிப்பவர் ஓர் இலக்கண ஆசிரியரே என்பது தமிழ்த்துறையினர்க்கு உவகை தரும். எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், அரபு மொழிக்கு 'கிதாபுல் ஐன்' என்னும் அகராதி காண முற்பட்டபோது, செவியில் விழுந்த சொற்களை மட்டும் திரட்டவில்லை. எழுத்துகளை வரிசை மாற்றிக் கோத்து, தோன்றக்கூடிய வேர்களையெல்லாம் நிறுத்தி, வழக்கில் உள்ளவை இவை, இல்லாதவை இவை எனப் பிரித்தார். மூன்று எழுத்துகளை ஆறு வகையாய் அடுக்கலாம். 28 எழுத்துகளில் எதுவும் மீண்டும் வாராமல் மும்மூன்றாய்க் கோத்தால் 19,656 வடிவங்கள் கிடைக்கும். முழுமையை முன்னே நிறுத்தினாலன்றி இல்லாதது எது என்பது தெரியாது. நம் வாசற் கணக்கில் விடுபட்டது அதுதான்.

பட்டியல் அமைந்தபின் தேர்வு நம் விருப்பத்திற்கு உட்படலாகாது. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையில், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். இன்று நிகழ்தகவுக் கணிதம் சமவாய்ப்பு எனக் கூறுவது அதனையே. நிலமும் மனையும் கல்வியும் உடையோர் பெயர்களே அக்குடத்தில் இடப்பட்டன என்பதையும் மறத்தலாகாது. குடத்தில் ஓலை இல்லாதார்க்கு வாய்ப்பும் இல்லை.

நாற்பது வீடுகளைக் கேட்டு நானூறு வீடுகளை எவ்வாறு அறிவது எனப் பெரியோர் சிலர் ஐயுறுகின்றனர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. ஆனால் தேர்ந்த சமையற்காரர் மேற்சோற்றை மட்டும் பார்த்துப் பதம் சொல்வதில்லை. குலுக்கி எடுத்த 40 வீடுகளில் 10 வீடுகளில் படிப்பு நின்ற பெண்பிள்ளை இருப்பதாகக் கொள்வோம். ஊரில் அத்தகைய வீடுகள் சரியாக 100 என அறிவித்தல் தவறு. ஏறத்தாழ 50 முதல் 150 வரை இருக்கலாம் என்பதே நேர்மையான விடை. அதுவும் நூறு முறை இவ்வாறு எடுத்தால் ஏறக்குறைய 95 முறை பொருந்தும் அளவிற்கே. 160 வீடுகளைக் கேட்டு அதே விகிதம் கிடைத்தால் அவ்வெல்லை 80 முதல் 120 ஆகச் சுருங்கும். இத்தகைய தடுமாற்றத்தை வெளிப்படையாய்க் கூறும் கணக்கே நம்பத்தக்கது என்பது நம் துணிபு.

முறையாகத் திரட்டிய எண்ணுக்கு வலிமை உண்டு. 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் தேசிய மாதிரி ஆய்வையும் அடிப்படையாகக் கொண்டமையால்தான், இந்திய முஸ்லிம்களின் கல்வி நிலையை வெறும் முறையீடு என ஒதுக்குதல் எவர்க்கும் அரிதாயிற்று.

உதவித்தொகைக்கு மீண்டும் கணக்கெடுக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. ஜமாஅத்தின் சந்தாப் பதிவேடு மட்டும் போதாது. வாடகை வீட்டாரும் சந்தா செலுத்த இயலாதாரும் அதில் இரார். தெருத்தெருவாய் வீடுகளுக்கு எண்ணிட்டுச் சீட்டுக் குலுக்க வேண்டும். சீட்டில் வந்த வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டில் நுழைதல் கூடாது. மறுநாள் மீண்டும் செல்ல வேண்டும். தாய்மாரிடம் நம் மாணவியரே தனித்துப் பேச வேண்டும். படிப்பை நிறுத்தினீர்களா என்று கேளாது, பிள்ளைகள் ஒவ்வொருவரும் எந்த வகுப்பு வரை பயின்றனர், இவ்வாரம் பள்ளி சென்றனரா என்று மட்டுமே வினவ வேண்டும். இதற்கு இரண்டு மாதமாகும். அதுவரை, முன்னைய கணக்கை நம்பி ஒதுக்கிய தொகையில் எஞ்சியுள்ளதைப் பெரியோர் பகிர்ந்தளியாது நிறுத்திவைத்தல் வேண்டும்.