கொங்கு நாட்டுக்கு ஏற்ற கவசம்

சித்திரை வெயிலில் சூலூருக்கும் பல்லடத்துக்கும் இடையே, லாரிப் புகைக்கும் தார்ச்சாலையின் கானலுக்கும் நடுவில், இருசக்கர வண்டியில் வேலைக்குப் போகும் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றிப் பெட்ரோல் டாங்கியின் மீது வைத்துக்கொள்கிறார் என்றால், அவரை மூடர் என்றோ சட்டத்தை மதியாதவர் என்றோ சொல்லிவிட்டு நம் வழியே போய்விடுவது எளிது. ஆனால் அவர் சொல்லும் குறைகளைப் பொறுமையோடு கேட்டுப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை மெய்யானவை என்பதை நேர்மையுள்ள எவரும் ஒப்புக்கொள்ளவே வேண்டும். நெற்றி வியர்வை வழிந்து கண்ணில் இறங்குகிறது; உள்ளே தைத்த பஞ்சுறை ஒரு மாதத்தில் நாறத் தொடங்குகிறது; மாலையில் கழுத்து வலிக்கிறது; பின்னால் வரும் பஸ்ஸின் ஒலி மந்தமாகக் கேட்கிறது. இந்த உபத்திரவங்களை நாம் நெடுங்காலமாக அலட்சியம் செய்து, அபராதம் ஒன்றையே பரிகாரமாக நம்பி வந்திருக்கிறோம். சௌகரியக் குறைவை ஒரு தொழில்நுட்பக் குறையாகக் கருதித் தீர்க்க வேண்டியது நம் கடமை. அதைத் தீர்க்கும் வல்லமை இந்தியாவில் வேறு எந்தப் பிரதேசத்தையும் விடக் கொங்கு நாட்டுக்கு அதிகம் உண்டு என்பதே என் அபிப்பிராயம்.

குறைகள் மெய்யானவை என்பதனால் கவசமின்றிப் போவது நியாயமாகிவிடாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட 2022-ஆம் ஆண்டின் விபத்து அறிக்கையின்படி, அந்த ஓராண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் தலைக்கவசம் அணியாமல் இருசக்கர வண்டியில் சென்று இறந்தவர்கள் 50,029 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்திலும், மரணங்களின் எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடத்திலும் அந்த ஆண்டு நின்றது நம்முடைய தமிழ்நாடு. அந்த ஐம்பதினாயிரம் பேருள் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்களே அல்லர். பின்னால் அமர்ந்து சென்றவர்கள். கணவர் கவசம் அணிந்திருக்க, மனைவி வெறுந்தலையோடு ஒருக்களித்து அமர்ந்து, மடியில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, அன்னூர்ச் சந்தைக்கோ பேரூர்க் கோயிலுக்கோ போகும் காட்சியை நாம் அன்றாடம் காண்கிறோம். அபராதத்துக்கு உட்படும் தலை எதுவோ அதை மட்டும் காத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம், அச்சத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்ட ஒரு சட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டுகிறது.

அந்தச் சட்டத்தின் வரலாறும் ஏற்றமும் இறக்கமும் நிறைந்ததே. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிய பின்னும், தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1 முதல் அதை நடைமுறைப்படுத்த முனைந்து, எதிர்ப்பெழவே விரைவில் தளர்த்திவிட்டார்கள். பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் பிறப்பித்த கடுமையான உத்தரவினால் 2015 ஜூலை 1 முதல் ஓட்டுபவர், பின்னமர்பவர் இருவருக்கும் அது கட்டாயமாயிற்று. அந்த ஜூன் மாதக் கடைசியில் கடைகளில் கவசங்கள் தீர்ந்து விலை ஏறிய கதையும், சாலையோரங்களில் குவித்து வைத்து விற்ற, தரமுத்திரை அற்ற பிளாஸ்டிக் ஓடுகளை மக்கள் போட்டியிட்டு வாங்கிய கதையும் பலருக்கு நினைவிருக்கும். போலீஸ்காரரின் பார்வைக்குத் தலையில் ஏதோ ஒன்று இருந்தால் போதும் என்ற மனோபாவம் அன்று ஆழமாக வேரூன்றியது. 2022 அக்டோபரில் அபராதம் ஆயிரம் ரூபாயாக உயர்ந்ததும், 2023-இல் கோவை மாநகரப் போலீசார் பின்னமர்பவர்களையும் தீவிரமாகக் கவனிக்கத் தொடங்கியதும் நன்மை செய்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் லட்சுமி மில்ஸ் சிக்னலில் தலைக்கு ஏறும் கவசம் ஊரைத் தாண்டியதும் கைப்பிடிக்கு இறங்கிவிடும் வழக்கத்தை எந்த அபராதமும் முற்றிலும் மாற்றவில்லை.

கவசம் எவ்வாறு காக்கிறது என்பதை நாம் யாருக்கும் சிரத்தையோடு விளக்கியதில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம். கவசத்தின் அவசியம் உணரப்பட்ட கதையிலிருந்தே தொடங்கலாம். அரேபியாவில் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் 1935 மே மாதத்தில் இங்கிலாந்தின் ஒரு கிராமச் சாலையில், சைக்கிளில் சென்ற இரு சிறுவர்கள் மீது மோதாமல் இருக்கத் தம் மோட்டார் சைக்கிளைத் திருப்பி விழுந்து, தலையில் பட்ட அடியினால் ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவருக்குச் சிகிச்சை செய்ய அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அந்த மரணம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. யுத்தகாலத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டு சென்ற ராணுவ வீரர்கள் நூற்றுக்கணக்கில் மடிவதைக் கண்டு, அவர் ஆராய்ந்து, கவசத்தின் அவசியத்தை வலியுறுத்தி 1941-இல் மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் ராணுவம் அவ்வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. இன்றைய கவசத்தின் உள்ளே இருப்பது பெட்டிகளில் வைத்து அனுப்பும் தெர்மோகோல் இனத்தைச் சேர்ந்த பொருள். வெளிப்புற ஓடு அடியின் விசையைப் பரப்புகிறது. உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கி, தலை நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சற்றே நீட்டுகிறது. மண்டையோட்டினுள் மூளை மோதும் விசை அதனால் தணிகிறது. ஒருமுறை நசுங்கியது மீண்டும் நசுங்காது. ஆகவே ஒரு விபத்தைக் கண்ட கவசம், வெளியே கீறல்கூட இல்லாமல் பளபளத்தாலும், பிரயோஜனமற்றது. தாடைப் பட்டையை மாட்டாத கவசமோ, விழுபவரின் தலைக்கு முன்னதாகத் தரையைச் சேர்ந்துவிடும்; பட்டையால் இறுகப் பொருந்தியதையே சட்டமும் கவசம் என்று கொள்கிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு, தலைக்கவசம் மரண அபாயத்தைச் சுமார் 42 சதவிகிதமும் தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவிகிதமும் குறைப்பதாகக் கணித்துள்ளது. பனியன் கம்பெனியில் தொகுதி தொகுதியாகத் துணியின் எடையையும் சுருக்கத்தையும் அளந்து பார்க்கும் நம் மக்களுக்கு இந்த விளக்கம் புரியாத விஷயமா?

இளைஞர்களின் அலங்கார ஆசையைப் பற்றிப் பெரியவர்கள் ஏளனமாகப் பேசுவதை நான் ஏற்பதில்லை. இருபது வயதில் தலைமுடியை ஒழுங்காக வைத்துக்கொள்ள விரும்புவது பாவமன்று. ஆனால் அழகு எங்கே இருக்கிறது என்ற எண்ணத்தை மாற்ற முடியும். கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில், கார்ப் பந்தய வீரர் எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கி 2003 முதல் நிற்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒருமுறை போய்ப் பாருங்கள்; அங்கே பந்தயத்தில் இறங்கும் இளைஞன் தோலுடையும் கையுறையும் கணுக்கால் மூடிய காலணியும் முழுமுகக் கவசமும் இன்றிப் பாதைக்குள் நுழையவே இயலாது, அந்தக் கோலத்தில் அவனைப் பார்ப்பவர் எவரும் அவனுக்கு அழகு குறைந்துவிட்டதாக நினைப்பதுமில்லை. நடிகர் அஜித் குமார் தம்முடைய நெடும்பிரயாணங்களில் முழுக் காப்புடையோடு காட்சியளிப்பது, ஆயிரம் சுவரொட்டிகள் செய்யாத நன்மையைச் செய்கிறது.

எனினும் உடையின் மீது மட்டும் நம்பிக்கை வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. கோவை மாவட்டத்தைச் சேர்ந்த, லட்சக்கணக்கான இளைஞர்கள் பின்தொடரும் யூடியூபர் டி.டி.எஃப். வாசன், 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே தேசிய நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கிச் சாகசம் செய்ய முயன்று விழுந்து கை முறிந்தார். உயர்ந்த விலையுள்ள காப்புடை அணிந்திருந்ததனாலேயே அவர் பிழைத்தார் என்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் எடுத்துரைத்தது. அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு ரத்தாயிற்று. அவரைப் பார்த்து அதே வித்தையை மேட்டுப்பாளையம் சாலையில் செய்து பார்க்கும் பையனிடம் அந்த உடை இல்லை. காப்புடை, சாகசத்துக்கு அனுமதிச் சீட்டாக விற்கப்படும் வரை, அது உண்மையில் தேவைப்படுகிற பால்காரருக்கும் விசைத்தறித் தொழிலாளிக்கும் ‘அது பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்’ என்றே தோன்றும்.

பெண்களின் சங்கடங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றைப் பற்றி நாம் பேசுவதே குறைவு. கொண்டை போட்டு மல்லிகைச்சரம் வைத்த தலையில் இன்று கடையில் கிடைக்கும் கவசம் சரியாக உட்காராது. உட்கார வைத்தால் பின்புறம் தூக்கி, நெற்றி திறந்து, பட்டை தளர்கிறது. கல்யாணத்துக்குப் போகிறவர் மூன்று மணி நேரம் செலவழித்துச் செய்துகொண்ட அலங்காரத்தை வாசலிலேயே இழக்கச் சம்மதிக்கமாட்டார். அப்படியே அணிந்து சென்றாலும் மண்டபத்தில் அதை எங்கே வைப்பது? வண்டியில் மாட்டிவிட்டுப் போனால் களவு போகிறது. கையில் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போக முடியாது. செருப்பைக் காவல் காக்க ஆள் வைத்திருக்கும் மருதமலை அடிவாரத்திலும், ஒப்பணக்காரத் தெருவின் ஜவுளிக்கடைகளிலும், அவிநாசி சாலையின் கல்யாண மண்டபங்களிலும் கவசம் வைக்க எண்ணிட்ட ஓர் அலமாரியும் ஒரு டோக்கனும் ஏற்படுத்துவது பெரும் செலவுள்ள காரியமன்று. சேலைத்தலைப்பும் துப்பட்டாவும் பின்சக்கரத்தில் சுற்றிக்கொள்வதைத் தடுக்கத்தான் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டுமென்று மோட்டார் வாகன விதிகளே கூறுகின்றன. புது வண்டி வாங்கிய வாரத்திலேயே அழகைக் கெடுக்கிறது என்று அதைக் கழற்றி எறியும் தம்பிமார்கள், தம் தாயாரை அதே வண்டியில் ஏற்றிச் செல்கிறவர்கள் என்பதை நினைக்கும்போது மனம் பதறுகிறது.

“பக்கத்துலதானுங்க போறோம், இதுக்கு எதுக்குங்க ஹெல்மெட்டு?” என்ற கேள்வியை நம் ஊரில் கேளாத நாளில்லை. தோட்டத்திலிருந்து சொசைட்டிக்குப் பால் கேனோடு எக்ஸ்.எல். வண்டியில் போகிற விவசாயி, வேட்டியும் ரப்பர்ச் செருப்புமாகத்தான் போகிறார். சட்டம் தலையோடு நின்றுவிடுகிறது. முழங்கால், உள்ளங்கை, கணுக்கால் ஆகியவற்றைப் பற்றி அது எதுவும் கேட்பதில்லை. விழுகிறவர் முதலில் ஊன்றுவது உள்ளங்கையை. ஓடும் வேகத்தில் பருத்திச் சட்டை தாரில் உராய்ந்தால் கிழிவதற்கு ஒரு நொடிகூட வேண்டாம். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஞாயிறுதோறும் ஏறும் இளைஞர்களுக்குச் சந்தையில் காப்புச் சட்டைகள் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கனமானவை, விலை மிகுந்தவை, நம்முடைய மார்ச் மாதத்து மத்தியானத்தை மனத்தில் கொண்டு தைக்கப்படாதவை.

இங்கேதான் கொங்கு நாட்டின் பொறுப்பு வருகிறது. உலகத்துக்குப் பின்னலாடை தைத்து அனுப்பும் திருப்பூர் இங்கே இருக்கிறது. 1956-இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா இங்கே இருக்கிறது. தொழில்துறைத் துணிகளுக்கென்றே தனி மையம் நடத்தும் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி இங்கே இருக்கிறது. பம்பும் வார்ப்படமும் செய்யும் பட்டறைகளுக்குக் குறைவே இல்லை. ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் உடைகளை உராய்வுக்கும் கிழிசலுக்கும் தையலின் உறுதிக்கும் சோதித்துத் தரம் பிரிக்கும் இ.என். 17092 என்ற நியமம் உண்டு. ஏற்றுமதிக்காக எத்தனையோ அந்நிய நியமங்களுக்கு உட்பட்டுத் தைத்துப் பழகிய நம் கம்பெனிகள், காற்றோட்டமுள்ள பின்னல் துணியில், விழும் இடங்களில் மட்டும் உறுதியான இழையும் மெத்தையும் சேர்த்து, தொழிலாளி வாங்கக்கூடிய விலையில் ஒரு மேற்சட்டையைச் செய்ய முடியாதா? கவசத்திலும் வழி பிறந்திருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி அமைந்த குழு நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற இலகுவான கவசம் வேண்டுமென்று 2018-இல் பரிந்துரைத்தது. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையற்ற கவசத்தைச் செய்வதும் விற்பதும் குற்றம். கொண்டைக்கு இடம்விட்ட பின்புறம், கழற்றித் துவைக்கும் பருத்தி உறை, ஆடிக்காற்றின் புழுதியைத் தடுத்தும் மூச்சு முட்டாத முகப்பு ஆகிய இவையெல்லாம் தரத்தைக் குறைக்காமலே செய்யக்கூடியவை.

ஓர் ஆங்கிலேய அதிகாரியிடம் இருந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, அதை வாங்குவதற்காகவே கோவை ஹோட்டல் ஒன்றில் வேலை செய்து பணம் சேர்த்து, வாங்கியதைப் பிரித்துப் பூட்டி யந்திர ஞானம் பெற்றவர் ஜி. டி. நாயுடு. அவர் பெயரால் 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் பத்துக் கிலோமீட்டர் மேம்பாலம் திறந்திருக்கிறோம். வேகம் கூடியிருக்கிறது. கையிலுள்ள பொருளின் குறையைப் பொறுத்துக்கொள்ளாமல் தாமே திருத்திச் செய்த அவருடைய சுபாவத்தை நம் கல்லூரி மாணவர்கள் இந்தக் கவச விஷயத்தில் காட்டினால், அந்தப் பெயருக்கு நாம் செய்யும் மரியாதை நிறைவாகும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத காரியம் ஒன்று உண்டு. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை வண்டியில் ஏற்றினால், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் சிறு கவசமும் வேண்டும், வேகம் நாற்பது கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. கெட்டி நைலானும் அடர்ந்த மெத்தையும் கொண்டு, முப்பது கிலோ எடையைத் தாங்கும்படி தைக்க வேண்டிய அந்தப் பட்டையை அணிந்த குழந்தையைக் கோவையின் வீதிகளில் காண்பது அரிதாயிருக்கிறது. கொங்கு நாட்டின் தையல் கம்பெனிக்காரர்களில் பத்துப் பேராவது இதை ஏற்று, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் வேளையில், புத்தகப்பை விற்கும் கடைகளிலேயே நியாயமான விலைக்கு இது கிடைக்கும்படி செய்ய வேண்டும். பள்ளி நிர்வாகங்கள் சேர்க்கைப் பட்டியலில் சீருடைக்கு அடுத்த வரியில் இதை எழுத வேண்டும்.