டிராகனுக்கு கார்டு உண்டு, ஆவுளியாவுக்கு?

ஃபேன்டஸி படம் பார்த்தா என் கவலையே வேற மக்களே. ஹீரோவைச் சுமந்து பறக்கிற டிராகனுக்கு நடுவுல தண்ணியாவது காட்டினாங்களா? நம்ம படத்துல மாடு நடிச்சாலே விலங்குகள் நல வாரியத்தோட சான்று வேணும். கிராபிக்ஸ் மாடுன்னா 'இது கிராபிக்ஸ்'னு கார்டு வரும். இல்லாத விலங்குக்கே அவ்ளோ மரியாதை!

கடற்கன்னி நிலைமைதான் பாவம். அந்தக் காலத்து மாலுமிகள் கடல் பசுவைத் தூரத்துல பார்த்துதான் கடற்கன்னின்னு மயங்கினாங்கன்னு சொல்வாங்க. கன்னியாகுமரியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் நீளுற நம்ம மன்னார் வளைகுடாவுல அதுக்கு ஆவுளியான்னு பேரு. எடை 400 கிலோ வரைக்கும் போகும், முகமெல்லாம் மீசை, வேலை கடற்புல் மேயுறது. (மாலுமிகள் எத்தனை மாசம் கரையையே பார்க்கலையோ!)

மூச்சு வாங்க சில நிமிஷத்துக்கு ஒருதடவை அது மேலே வந்தாகணும். வலையில சிக்கினா வர முடியாம தண்ணிக்குள்ளயே செத்துடும். சில வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும். 2022-ல பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டரை அரசு இதுக்கான பாதுகாப்பகமா அறிவிச்சது. வலையை அறுத்து ஆவுளியாவை விட்ட மீனவர்களுக்கு வனத்துறை சன்மானமும் கொடுத்திருக்கு. இருந்தாலும் அறுந்தது அவங்க வலை. அடுத்து கடற்கன்னி படம் எடுக்கிறவங்க அந்தக் காசையும் பட்ஜெட்ல சேர்த்துக்கலாம்.