கைப்பைக்குள் அடங்கும் துப்பாக்கி... பெண்ணைக் காப்பாத்துமா?

எடை அரை கிலோதான். ஹேண்ட்பேக்கில் வச்சுக்கலாம். ஆறு தோட்டா போடலாம். பெயர் ‘நிர்பீக்’. இந்தியில் ‘பயமில்லாதவர்’ என்று அர்த்தம்.

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்சில் மாணவி கூட்டு பலாத்காரம் செய்யப்பட்டு, பின்னர் உயிரிழந்த கொடூரம் நாட்டையே உலுக்கியது. அதன்பிறகு 2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுத தொழிற்சாலை பெண்களுக்காக என்று கொண்டு வந்த .32 ரிவால்வர் இது.

விலை? அறிமுகமானபோதே சுமார் 1.22 லட்சம் ரூபாய்! ராத்திரி ஷிப்ட் முடிச்சு பஸ்சுக்கு நிற்கும் பெண் இதுக்கு எங்கே போவாள்?

பணம் இருந்தாலும் நேரா கடைக்கு போய் வாங்க முடியாது. 1959-ம் ஆண்டு ஆயுத சட்டப்படி லைசென்ஸ் வேணும். 21 வயது முடிஞ்சிருக்கணும். போலீஸ் விசாரணை நடக்கும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஜெயில்தான்.

‘சின்ன துப்பாக்கி பெண்ணுக்கு ஈசி’ என்பதும் தப்புக்கணக்கு. எடை குறைய குறைய, சுடும்போது கையில் உதைப்பு அதிகம். குழல் குட்டை என்பதால் குறி வைப்பதும் கஷ்டம். விடாமல் பயிற்சி எடுத்தால்தான் கைக்கு பழகும். பைக்குள் துழாவும் நேரத்தில் எதிராளி பறித்துவிட்டால் கதை கந்தல்!

இன்னொரு கசப்பான உண்மை. பலாத்கார வழக்குகளில் சிக்குவோரில் பெரும்பாலானோர் உறவினர், பக்கத்து வீட்டுக்காரர் என தெரிந்த முகங்கள்தான். இதை சொல்வது தேசிய குற்ற ஆவண காப்பக கணக்கு. வீட்டுக்குள்ளேயே வில்லன் இருந்தால் பைக்குள் இருக்கும் துப்பாக்கி என்ன செய்யும்?

எரியுற தெருவிளக்கு, ராத்திரி பஸ், 112-க்கு அடிச்சா உடனே வர்ற போலீஸ்... அரசாங்கம் முதலில் தர வேண்டியது இதைத்தான். இதுக்கு லைசென்சும் வேண்டாம், லட்ச ரூபாயும் வேண்டாம்!