தொடங்குதல் எளிது, முடித்தலே கல்வி

எமது கல்லூரியிற் பயின்று வெளியேறிய இளைஞர் சிலர் இன்று தகவல் முறைமைத் துறையில் முதுமாணிப் பட்டத்திற்குப் பயில்கின்றனர். அப்பட்டத்தின் நிறைவிலே செய்யவேண்டிய செயற்றிட்டத்திற்காக அவர்கள் அமைக்கும் வினாக்கொத்துக்களையும், கணினித் திரையில் வரவேண்டிய தமிழ்ச் சொற்களையும் திருத்தித் தருமாறு எம்மிடம் வருவதுண்டு. மொழி திருத்தப் புகுந்த நாம் அவர்தம் திட்டங்களையும் காண நேர்ந்தது. கண்டவற்றுட் பல ஒரு குறையைப் பொதுவாக உடையன. தொடங்கும்போது மலையளவு பெரியன. முடியும்போது எவர்க்கும் பயன்படாதன. திருப்பணி தொடங்குவோர் பலர், குடமுழுக்குக் காண்போர் சிலர் என்னும் நிலை இங்கும் உண்டு. நிறைவுச் செயற்றிட்டத்தின் உயிர் அதன் பருமையில் இல்லை. ஒருவர்க்கு உற்ற குறையை அளவறிந்து எடுத்து, முற்றுவித்து, அவர் கையில் ஒப்படைத்தலிலேயே உளது என்பது எமது துணிபு.

தமிழாசிரியனுக்குக் கணினிக் கலையில் யாது அலுவல் என்று அன்பர் சிலர் நகைத்தல் கூடும். தகவல் முறைமை என்பது கணினி மட்டும் அன்று. பொறி, மென்பொருள், பதியப்படும் தரவு, கைக்கொள்ளும் நடைமுறை, அவற்றையெல்லாம் இயக்கும் மனிதர் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே முறைமை. இவற்றுட் பிற்பாதி மொழியோடும் மக்களோடும் பிணைந்தது. ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்றோர் பாடக்குறிப்பு எழுதப் புகின், "இப்பாட முடிவில் மாணவர் யாது செய்ய வல்லராவர்?" என்பதனையே முதற்கண் எழுதுவர். செயற்றிட்டத்தின் முதல் வரியும் அத்தகையதாதல் வேண்டும். "இம்முறைமை நிறைவேறியபின் இன்னார் இன்ன வேலையை முன்னையினும் செவ்விதாகச் செய்வர்" என்னும் ஒரு வாக்கியத்தை எழுத இயலாதவன் இன்னும் திட்டமிடத் தொடங்கவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

பாடசாலை நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாணவன் "ஒருங்கிணைந்த பாடசாலை முகாமைத்துவ முறைமை" என்று தலைப்பிடுகிறான். வரவு இடாப்பு, பரீட்சைப் புள்ளி, கட்டணம், விடுதி, நூலகம் யாவும் அதனுள் அடங்கும். நூலகரைக் கேட்டாலோ அவர் வேண்டுவது வேறு: எந்நூல் எவரிடம் உளது, எந்நாள் அது திரும்பல் வேண்டும் என்பதை விரைந்து அறிதல். அவ்வளவே.

இச்சிறு தேவை தாழ்ந்தது என்று கருதற்க. நூற்பெயர்களைத் தமிழ் அகரவரிசைப்படி அடுக்க முயலட்டும். 1991 ஆம் ஆண்டு தொட்டுத் தமிழ் ஒருங்குறியில் இடம்பெற்றுள்ளது. ஆயினும், அங்கு எழுத்துக்களுக்கு இடப்பட்ட எண்வரிசை நெடுங்கணக்கு வரிசை அன்று. அவ்வெண்களைக்கொண்டு அடுக்கினால் ‘மறம்’ என்பது ‘மலர்’ என்பதற்கு முன்னே வந்து நிற்கும். பழைய மாணவர் இடாப்பு ஒன்றை அமைக்கப் புகுவோனுக்கும் இத்தகைய சிக்கல்கள் உண்டு. எம்மவர் பெயரின் முன்னெழுத்துத் தந்தையின் பெயரைக் குறிப்பது. குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவத்தில் அது எங்ஙனம் அமையும்? அடையாள அட்டையின் பழைய எண் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்டது; 2016 ஆம் ஆண்டு தொடக்கம் வழங்கப்படுவது 12 இலக்கங்கள் கொண்டது. இரண்டையும் ஏற்காத முறைமை இடாப்பிற் பாதிப்பேரைப் புறத்தே நிறுத்திவிடும். இவ்வினாக்கள் ஊரிற் சென்று மனிதரோடு பேசியோர்க்கே எழுவன. நூலை மட்டும் கற்றோர்க்கு எழா.

இனிக் காலத்தைப் பகுக்கும் வகையை நோக்குவோம். ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 என்னும் இயக்க முறைமையின் ஆக்கத்தை நடத்திய பிறெட் புறூக்ஸ், தம் பட்டறிவை ‘த மிதிக்கல் மான் மந்த்’ என்னும் நூலாக 1975 இல் வெளியிட்டார். மூன்றிலொரு பங்கு காலம் திட்டமிடுதற்கு, ஆறிலொரு பங்கு குறிமுறை எழுதுதற்கு, எஞ்சிய பாதியும் சோதித்தற்கு என்பது அவர் காட்டிய அளவு. 24 வாரச் செயற்றிட்டமாயின் 8 வாரம் திட்டத்திற்கும், 4 வாரம் குறிமுறைக்கும், 12 வாரம் சோதனைக்கும் ஆகும். எம் மாணவரோ முதல் வாரமே குறிமுறை எழுதத் தொடங்கி, இறுதி வாரத்தில் இரவோடிரவாகச் சோதிப்பர். ஆய்வேட்டையும் அவ்விரவிலேயே எழுதுவர். பிந்திய வேலைக்கு ஆட்களைக் கூட்டினால் அது மேலும் பிந்தும் என்பதும் புறூக்ஸ் கண்டதே. ஆதலால் கடைசி மாதத்தில் நண்பரை அழைத்தலும் கைகொடாது. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்டவுடன் குறிமுறையை எழுதித் தருகின்றன. அதனால் அந்த ஆறிலொரு பங்கு மேலும் சுருங்கலாம். யாரிடம் எதைக் கேட்பது, கிடைத்தது சரியோ என்று எங்ஙனம் சோதிப்பது என்னும் ஏனைய பங்குகள் மாணவன் தலைமேலேயே உள்ளன.

சோதனையைச் சுருக்கியதால் விளையும் கேட்டிற்கு இலண்டன் நகரம் சான்று. அங்கு நோயாளர் காவு வண்டிகளை ஏவுதற்கென ஆக்கப்பட்ட கணினி முறைமை 1992 ஒக்ரோபர் 26 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வண்டிகள் நிற்குமிடம் பற்றிய செய்தி பிழைபட்டபோது, ஓரிடத்திற்கு இரு வண்டிகள் சென்றன. வேறிடத்தார் காத்துக் கிடந்தனர். நவம்பர் 4 ஆம் நாள் முறைமை முற்றாக நின்றது. நிரலர் ஒருவர் அகற்றாது விட்ட சிறு குறிமுறைத் துண்டொன்று, வண்டி ஒவ்வொன்றை ஏவுந்தோறும் சேவையகத்தின் நினைவகத்திற் சிறிதளவை விடுவியாது வைத்திருந்தமையே அதற்கு உடனடிக் காரணம். ஆயினும், 1993 இல் வெளிவந்த விசாரணை அறிக்கை அத்துண்டோடு நின்றுவிடவில்லை. அளவிறந்த அவசரம், முற்றுப்பெறாத சோதனை, பயன்படுத்துவோர்க்குப் போதிய பயிற்சியின்மை ஆகியவற்றையும் அது எடுத்துரைத்தது. அந்நகரத்தார் கண்டது பெரியதோர் வேலை; எம் மாணவன் செய்வது சிறியது. பாடம் ஒன்றே.

நன்முறைக்குச் சான்று தேட நாம் நாடு கடக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவைத் தாக்கியபின், இலங்கைக் கணினி வல்லுநர் பலர் தொண்டராகக் கூடி ‘சகானா’ என்னும் முறைமையை ஆக்கினர். காணாமற் போனோர் யாவர், எம்முகாமில் எவர் உளர், எந்நிறுவனம் எங்கே பணிபுரிகின்றது, எவ்விடத்திற்கு எப்பொருள் தேவை என்பனவே அதன் வினாக்கள். வினா தெளிவாயிருந்தமையால், விரைந்து செய்த வேலையும் பயன்பட்டது. பின்னர் ஆறியிருந்து அதனைச் செப்பஞ்செய்து, எவரும் எடுத்தாளக்கூடிய கட்டற்ற மென்பொருளாக வழங்கினர். 2005 இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அங்கும் அது உதவிற்று. 2006 ஆம் ஆண்டிற்குரிய சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அமையம் அதற்கு அளித்தது. ஆக்கியோர் கையை விட்டு நீங்கிய பின்னும் வாழ்ந்தமையே அதன் சிறப்பு.

"முதுமாணிப் பட்டத்திற்குப் புதுமை வேண்டாமோ? சிறிய இடாப்பைச் செய்தால் தேர்வாளர் மதிப்பாரோ?" என்று மாணவர் வினவுவர். அவ்வச்சத்தில் நியாயம் உண்டு. மேற்பார்வையாளருள்ளும் பெரிய தலைப்பை விரும்புவோர் உளர். ஆயினும் அகலமும் ஆழமும் ஒன்றல்ல. பத்துப் பகுதிகளை மேலோடு தொட்டவன், தேர்வாளர் "இதனை ஏன் இவ்வாறு அமைத்தீர்?" என்று கேட்டவிடத்துத் தடுமாறுவன். ஒரு பகுதியை எடுத்து, முன்னிருந்த நிலையை அளந்து, மாற்று வழிகளை ஒப்பிட்டு, பின்வந்த நிலையையும் அளந்து காட்டியவனோ நிமிர்ந்து விடையிறுப்பன். நூலகர் ஒரு நூலைத் தேட முன்பு எத்துணை நேரம் சென்றது, இப்போது எத்துணை என்பது சிறு கணக்கே. அக்கணக்கு இல்லாத ஆய்வேடு வெறும் விளம்பரம்.

முடித்தல் என்பது யாது? புள்ளி வழங்கப்பட்ட நாளன்று முடிந்தது என்று நாம் ஒப்போம். பயன்படுத்துவோர் படித்து விளங்கத்தக்க தமிழில் ஒரு கைந்நூல் வேண்டும். தரவின் படியெடுத்து வேறிடத்தில் வைத்தலும், அதனை மீட்டுப் பார்த்துச் சோதித்தலும் வேண்டும். மாணவன் வேலை தேடிக் கொழும்புக்கோ கடல் கடந்தோ சென்றபின் அதனைப் பேணுவார் யாவர் என்று பெயர் குறித்து எழுதல் வேண்டும். இவை இல்லையாயின், அலுவலகத்தார் பழைய கொப்பியையும் புதிய கணினியையும் இரட்டையாகச் சுமந்து, ஈற்றிற் கணினியைத் துணியால் மூடிவைப்பர். அதன்பின் வரும் மாணவனுக்குக் கதவும் திறவாது. ஒருவன் அரைகுறையாக விட்டது பின்வருவோர் பத்துப்பேரின் வாய்ப்பைக் கெடுக்கும்.

ஈண்டுப் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். யூபிலி நினைவாகக் கட்டடம் எழுப்புதலோடு இதனையும் கருதுமாறு வேண்டுகின்றோம். ஆண்டுதோறும் கல்லூரியின் உண்மைத் தேவை ஒன்றை அதிபரும் அலுவலகத்தாரும் எழுதிக் கொடுக்கட்டும். முதுமாணி பயிலும் எம் மாணவர் ஒருவர் அதனை ஏற்கட்டும். இத்துறையில் உயர்ந்த பழைய மாணவர் ஒருவர் மாதம் ஒருமுறை அவரோடு அமர்ந்து, "எது முடிந்தது?" என்று கேட்கட்டும். மாணவர் விபரங்களைக் கையாளுமிடத்துக் கவனம் வேண்டும். தனியாள் தரவைக் காத்தற்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டுள்ளது. ஆதலால் ஆக்கமும் சோதனையும் கற்பனைப் பெயர்களைக் கொண்டே நடைபெறுதல் நன்று.

இதற்கு வேண்டுவது பெரும்பொருள் அன்று. கேட்கும் பொறுமையும் முடிக்கும் உறுதியுமே. ஒரு நூலகர், ஓர் எழுதுவினைஞர், ஓர் ஆசிரியர் தம் அன்றாட வேலை எளிதாயிற்று என்று கூறுவாராயின், அம்மாணவன் கற்ற கல்வி நிறைவுற்றது எனலாம். பட்டம் அதன்பின் தானே வரும்.