துடைப்பதும் வேலைதான்!

அலுமினிய ஏணி ஒன்று உடைந்துவிட்டது. "உடனே பற்றவைத்துக் கொடு" என்று பட்டறைக்காரரை அவசரப்படுத்துகிறார்கள். இது சரியா?

அலுமினியம் 660 டிகிரி சூட்டில் உருகிவிடும். ஆனால், அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத தோல் ஒன்று உண்டு. காற்றுப் பட்டதும் தானாக உண்டாகும் தோல் அது. அது உருக 2,000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். உள்ளே உலோகம் உருகி ஓடும். மேலே தோல் அப்படியே நிற்கும்! பிறகு எப்படி ஒட்டும்?

அதற்குத்தான் 'டிக்' வெல்டிங் இருக்கிறது. டங்ஸ்டன் கம்பியின் நுனியில் மின்பொறி எரியும். சுற்றிலும் ஆர்கான் வாயு பாய்ந்து, காற்றைத் தடுக்கும். ஏ.சி. மின்சாரம் மாறி மாறி ஓடும். ஒரு பாதி, தோலை உடைக்கும். மறு பாதி, உலோகத்தை உருக்கும்.

ஆனால், எல்லா அழுக்கையும் மின்சாரமே போக்கிவிடாது. முதலில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கவேண்டும். பிறகு, துருப்பிடிக்காத எஃகு பிரஷால் தேய்க்கவேண்டும். இரும்பைத் தேய்த்த பிரஷ் கூடவே கூடாது! பிசுக்கும் ஈரமும் மிச்சமிருந்தால், பற்றவைத்த இடத்தில் சின்னச் சின்னப் பொத்தல்கள் விழும். வெளியே பளபளப்பு, உள்ளே பொத்தல்!

துடைக்க நேரம் தராமல் விரட்டுவது. இணைப்பு விட்டுப்போனால் "கைத்திறன் இல்லை" என்று திட்டுவது. இது அநியாயம்!

துடைப்பதும் வேலைதான். அந்த நேரத்துக்கும் கூலி கொடுக்கவேண்டும். நாளை அந்த ஏணியில் ஏறப்போவது நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்!