பிரேக் பிடிக்க எக்ஸ்ட்ரா காசு!

தலைப்பைப் பாத்துட்டு மெக்கானிக் ஷெட் சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க மக்களே. இது எலெக்ட்ரிக் கார் பத்தின பதிவு. "நம்ம கிளாஸ்ல எவன்டா எலெக்ட்ரிக் கார் வாங்கப் போறான்?"னு நீங்க கேக்குறது காதுல விழுது. எனக்கும் ஆவடியிலேர்ந்து கட் சர்வீஸ் பஸ்தான். ஆனா இந்த விஷயம் கார் வாங்குறவங்களை விட, வாங்காத நமக்குத்தான் ரொம்ப முக்கியம். ஏன்னு போகப் போகத் தெரியும்.

முதல்ல சரக்கு என்னன்னு பாத்துடுவோம். டிரைவருக்கு உதவி பண்ற சமாச்சாரங்களுக்கு மொத்தமா 'ஏடாஸ்'னு பேர். முன் கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு கேமரா, பம்பர் பக்கம் ஒரு ரேடார், ரெண்டும் பாக்குறதைக் கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டர். அவ்ளோதான். இது செய்யுற வேலைகளை ரெண்டு கூடையில பிரிச்சுப் போடலாம்.

முதல் கூடை சொகுசு. முன்னாடி போற வண்டிக்கு ஏத்த மாதிரி தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்குறது, லேனுக்கு நடுவுல வண்டியை ஓட்டிட்டுப் போறது, தானா பார்க் பண்றது. இருந்தா சந்தோஷம், இல்லேன்னா யாரும் சாகப் போறதில்ல.

ரெண்டாவது கூடை உயிர். குறுக்க ஆள் வந்தா, டிரைவர் கவனிக்கலேன்னா, தானே பிரேக் போடுறது. பக்கத்துல வர்ற பைக்கைக் காட்டிக் குடுக்குறது. டிரைவர் கண் சொக்கினா எழுப்பி விடுறது.

கம்பெனிக்காரங்க பண்ற வேலை என்னன்னா, இந்த ரெண்டு கூடையையும் ஒரே கோணிப்பையில கொட்டி, வாயைத் தச்சு, மேல ஒரு விலையை ஒட்டி வச்சுடுறாங்க. அந்த விலையும் ஒரு இடத்துல நிக்குதா? ம்ஹூம்!

உலக சாம்பியன் டெஸ்லாதான். அவங்களோட 'ஃபுல் செல்ஃப் டிரைவிங்' விலை எப்படிப் போச்சுன்னு பாருங்க. 2019 ஏப்ரல்ல 5,000 டாலர். 2020 அக்டோபர்ல 10,000. 2022 ஜனவரியில 12,000. அதே வருஷம் செப்டம்பர்ல 15,000. 2023 செப்டம்பர்ல மறுபடி 12,000. 2024 ஏப்ரல்ல 8,000! மாச வாடகையும் இதே கதைதான். 2021 ஜூலையில 199 டாலர்னு ஆரம்பிச்சது, 2024 ஏப்ரல்ல 99 ஆச்சு. 2026 ஜனவரியில எலான் மஸ்க், இனிமே மொத்தமா விக்கப் போறதில்ல, பிப்ரவரி 14-க்கு அப்புறம் மாச வாடகை மட்டும்தான்னு அறிவிச்சார். (காதலர் தினத்துல நல்ல பரிசு :-) )

கோயம்பேட்டுல தக்காளி விலை இப்படி ஏறி இறங்கினா ஒரு காரணம் இருக்கும். மழை, வரத்து கம்மி, டீசல் விலை, ஏதோ ஒண்ணு. இதுல என்ன காரணம்? 15,000 டாலர் குடுத்தவர் வண்டியிலயும் 8,000 குடுத்தவர் வண்டியிலயும் ஏறுறது ஒரே வகை சாஃப்ட்வேர்தான். காசே குடுக்காதவர் வண்டியிலயும் கேமரா இருக்கு, அவருக்குப் பூட்டு மட்டும் தொங்குது. அதாவது இங்க விலை பொருளுக்கு இல்ல, பூட்டைத் திறக்குற சாவிக்கு. சாவி விலையை ஏத்த மழை பெய்யணும்னு அவசியம் இல்ல.

பேரையும் கவனிங்க. ஃபுல் செல்ஃப் டிரைவிங்னா 'முழுசா தானே ஓட்டும்'னு அர்த்தம். 2024-ல அதுக்குப் பின்னாடி 'சூப்பர்வைஸ்டு'ன்னு ஒரு வால் ஒட்டினாங்க. முழுசா தானே ஓட்டும், ஆனா நீங்க பாத்துக்கிட்டே இருக்கணும்! முழுசா சமைச்ச சாப்பாடு, ஆனா அடுப்பை நீங்கதான் பத்த வைக்கணும்ங்கிற மாதிரி. 2025 ஜூலையில மும்பையில டெஸ்லா கடை திறந்தப்போ, மாடல் ஒய் காருக்கு 59.89 லட்சம், மேல இந்த வசதிக்கு 6 லட்சம்னு விலைப்பட்டியல் போட்டாங்க. அப்போ இந்தியாவுல அது ஓடவே இல்ல! பின்னாடி எப்பவோ வரும்ங்கிறதுக்கு 6 லட்சம்.

"அட, டெஸ்லா பணக்காரன் கதைப்பா, நமக்கு எதுக்கு?"ன்னா, சரி, நம்ம ஏரியாவுக்கே வருவோம்.

பூந்தமல்லி தாண்டி, நசரத்பேட்டை, திருமழிசை வழியா பெங்களூர் ஹைவேல போனா இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் ஃபேக்டரி இருக்குற இடம். க்ரெட்டா எலெக்ட்ரிக் அங்கதான் தயாராகுது. 2025 ஜனவரியில அறிமுகப்படுத்தினப்போ ஆரம்ப விலை 17.99 லட்சம். ஆறு ஏர்பேக் எல்லா மாடல்லயும் உண்டு, அதுக்கு ஒரு சபாஷ். ஆனா அந்த 17.99 மாடல்ல ஏடாஸ் கிடையாது. வேணும்னா பல லட்சம் கூடக் குடுத்து மேல் மாடலுக்குப் போகணும். டாப் மாடல் 23.50 லட்சம் கிட்ட போச்சு.

ஹூண்டாய் மட்டும்தான்னு நினைக்காதீங்க. 2024 ஆகஸ்டுல வந்த டாடா கர்வ் எலெக்ட்ரிக், ஆரம்பம் 17.49 லட்சம். ஏடாஸ் இருந்தது 21.99 லட்ச மாடல்ல. அதுக்கு நேர் கீழ் மாடல் 21.25. அந்த ரெண்டுக்கும் முக்கியமான வித்தியாசமே ஏடாஸ்தான். ஆக அந்தச் சமாச்சாரத்தோட விலை முக்கால் லட்சத்துக்குள்ள. ஆனா ஆரம்ப மாடல் வாங்குறவர் அதைத் தொடணும்னா நாலரை லட்சம் கூடப் போடணும். நடுவுல பெரிய பேட்டரி, பெரிய ஸ்கிரீன், சன்ரூஃப் எல்லாத்தையும் சேத்து வாங்கியாகணும். பேட்டரி பெருசுன்னா விலை கூடும், ஒத்துக்குறேன். ஆனா தானா பிரேக் போடுறதுக்கும் கூரையில ஜன்னல் இருக்குறதுக்கும் என்னய்யா சம்பந்தம்? மெடிக்கல் ஷாப்புல மாத்திரை கேட்டா, "ஒரு கிலோ முந்திரி வாங்கினாத்தான் தருவோம்"னு சொன்னா சும்மா விடுவோமா?

"அந்தத் தொழில்நுட்பமே காஸ்ட்லிப்பா"ன்னு சொல்றவங்களுக்கு ரெண்டு கணக்கு. ஒண்ணு, 2024 டிசம்பர்ல வந்த ஹோண்டா அமேஸ். பெட்ரோல் கார். அதோட மேனுவல் கியர் டாப் மாடல் அறிமுக விலை 10 லட்சத்துக்கும் கீழ. அதுல ஒத்தைக் கேமராவை வச்சே தானா பிரேக் போடுறது வரைக்கும் குடுத்தாங்க. இன்னொண்ணு, சீனாவுல பி.ஒய்.டி கம்பெனி 2025 பிப்ரவரியில தன்னோட கிட்டத்தட்ட எல்லா மாடலுக்கும் இந்த வசதிகளைக் கூடுதல் விலை இல்லாம போட்டுடுச்சு, 69,800 யுவான் விலையுள்ள குட்டிக் கார் உட்பட. அப்போ நம்ம காசுக்கு எட்டரை லட்சத்துக்குள்ள. எட்டரை லட்சத்துல முடியுறது பதினெட்டு லட்சத்துல முடியலையாம்!

சாஃப்ட்வேரைத் தனியா விக்குறது கம்பெனிக்கு எவ்வளவு வசதின்னு தெரிஞ்சுக்க, நம்ம ஊரு ஸ்கூட்டர் கதையையும் கேளுங்க. ஃபேம்-2 மானியம் வாங்கணும்னா எலெக்ட்ரிக் ஸ்கூட்டரோட ஃபேக்டரி விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாதுன்னு மத்திய அரசு விதி இருந்துது. சில கம்பெனிங்க சார்ஜரையும் சாஃப்ட்வேரையும் வண்டி விலையிலேர்ந்து பிச்சு, தனி பில் போட்டாங்க. அரசு பிடிச்சுது. 2023-ல ஓலா, ஏத்தர், டி.வி.எஸ், ஹீரோ விடா எல்லாரும் சார்ஜர் காசைத் திருப்பித் தர ஒத்துக்கிட்டாங்க. ஓலாவும் ஏத்தரும் தலைக்கு நூறு கோடிக்கு மேல. வண்டியோட உறுப்பா, தனிச் சரக்கான்னு தீர்மானிக்கிறது இஞ்சினியரிங் இல்ல, பில் போடுற டேபிள்ங்கிறதுக்கு இதை விட சாட்சி வேணுமா?

சரி, எதிர்த்தரப்பு வாதங்களுக்கு வருவோம். இதையெல்லாம் கேண்டீன்ல கேட்டு அலுத்துப் போச்சு எனக்கு.

"சாஃப்ட்வேர் எழுதுறவனுக்குச் சம்பளம் வேணாமா?" தாராளமா வேணும். நாளைக்கு நம்மள்ல பாதிப் பேர் அந்த வேலைக்குத்தான் போகப் போறோம். முதல் கூடைக்கு எவ்வளவு வேணா விலை வைங்க, வாடகைக்கு விடுங்க, ஆடித் தள்ளுபடி போடுங்க, யார் கேட்டா? 2022-ல பி.எம்.டபிள்யூ சில நாடுகள்ல சீட்டைச் சூடாக்குறதுக்கு மாச வாடகை கேட்டுச்சு. ஜனங்க காறித் துப்பினதும் அடுத்த வருஷமே கைவிட்டுச்சு. அது வாங்குறவருக்கும் விக்குறவருக்கும் உள்ள பஞ்சாயத்து. நான் பேசுறது ரெண்டாவது கூடையைப் பத்தி.

"நம்ம ரோட்டுக்கு இதெல்லாம் வேலைக்கே ஆகாது." பாதி சரி. சி.டி.எச் ரோட்டுல அம்பத்தூர்லேர்ந்து ஆவடி வரைக்கும் ஒரே சீரா லேன் கோடு தேடினா, அந்தக் கேமராவுக்கே கண் வலி வந்துடும். மெட்ரோவுக்குத் தோண்டின காலத்துல பூந்தமல்லி ரோட்டுல தடுப்பு இன்னைக்கு ஒரு இடத்துல, நாளைக்கு ஒரு இடத்துல. அதனால லேன் பிடிக்கிற சொகுசு இங்க தடுமாறும்தான். ஆனா குறுக்க வர்ற ஆளைப் பாத்து பிரேக் போட, கோடு எதுக்கு? அந்த வேலைக்கு நம்ம ரோடு மாதிரி தேவை இருக்குற ரோடு எது?

"யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தல. வேணும்னா வாங்கு, வேணாம்னா விடு." இங்கதான்யா மொத்தப் பித்தலாட்டமும் இருக்கு. கேளுங்க.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட கணக்குப்படி 2022-ல இந்தியாவுல ரோடு விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். தமிழ்நாட்டுல மட்டும் 17,884 பேர். விபத்து எண்ணிக்கையில அந்த வருஷம் நாமதான் முதலிடம், 64,105. செத்தவங்கள்ல நூத்துக்கு 44 பேருக்கு மேல டூ வீலர்ல போனவங்க. 19 பேருக்கு மேல நடந்து போனவங்க. ஆக மூணுல ரெண்டு பங்கு சாவு, டூ வீலர்லயும் நடந்தும் போனவங்களோடது.

இப்போ சொல்லுங்க. அம்பத்தூர் எஸ்டேட்ல நைட் ஷிஃப்ட் முடிச்சு ரோட்டைக் கடக்குற ஒருத்தர், தன் மேல வர்ற கார் 17.99 லட்ச மாடலா, 23.50 லட்ச மாடலான்னு தேர்ந்தெடுக்க முடியுமா? திருமுல்லைவாயில்ல பஸ்ஸை விட்டு இறங்குற அக்கா, "தம்பி, பிரேக் பேக்கேஜ் ரின்யூ பண்ணிட்டியா?"ன்னு கேட்டுட்டுத்தான் கடக்கணுமா? வாங்குறது ஒருத்தர், விக்குறது ஒருத்தர், உயிர் மூணாவது ஆளோடது. அந்த மூணாவது ஆளைக் கேக்காம ரெண்டு பேர் பேசி முடிக்கிறதுக்குப் பேர் 'சாய்ஸ்' இல்ல.

பாடியில பிரேக்ஸ் இந்தியா இருக்கு. 1960-கள்லேர்ந்து பிரேக் செய்யுறாங்க. அங்கேர்ந்து அம்பத்தூர் எஸ்டேட் வரைக்கும் வண்டி உதிரிபாகம் செய்யுற பட்டறைங்க எத்தனையோ. அவங்க செஞ்ச பிரேக் வண்டியில ஏறினா, முதல் ஓனர் ஓட்டினாலும் மூணாவது ஓனர் ஓட்டினாலும் பிடிக்கும். தவணை கட்டலேன்னு பிடிக்காம போகாது. அதே வேலையைக் கேமராவும் கம்ப்யூட்டரும் செய்ய ஆரம்பிச்ச உடனே மட்டும் எப்படிய்யா அது 'ப்ரீமியம் ஃபீச்சர்' ஆச்சு?

இது நடக்காத காரியமும் இல்ல. ஏர்பேக்னா டாப் மாடல்னு இருந்த காலம் நம்ம அப்பாக்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். 2019 ஜூலையில டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம் ஆச்சு. 2022-லேர்ந்து பக்கத்து சீட்டுக்கும். 2019 ஏப்ரல்ல கார்களுக்கு ஏ.பி.எஸ் கட்டாயம். அப்போவும் "விலை ஏறிடும், ஏழைங்க கார் வாங்க முடியாது"ன்னு ஒப்பாரி வச்சாங்க. கார் வித்துக்கிட்டுத்தான் இருக்கு. ஐரோப்பாவுல 2024 ஜூலையிலேர்ந்து புதுக் கார் எல்லாத்துலயும் தானியங்கி அவசர பிரேக் இருந்தே ஆகணும். இங்க 2025-ல பஸ், லாரிகளுக்கு அந்த மாதிரி வரைவு அறிவிப்பு வந்துது. நல்லது. காரை மட்டும் ஏன் விட்டு வைக்கணும்?

அதனால நான் கேக்குறது மூணே விஷயம்.

1. அவசர பிரேக், தூக்க எச்சரிக்கை மாதிரி உயிர் காக்குற வசதி எல்லா மாடல்லயும் இருக்கணும். எலெக்ட்ரிக் கார்லேர்ந்து ஆரம்பிக்கலாம். 5 சதவீத ஜி.எஸ்.டி-ன்னு அரசாங்கம், அதாவது நம்ம எல்லாரும், ஏற்கெனவே சலுகை குடுக்குறோம். கார் வாங்காதவர் காசும் அதுல இருக்கு. அவர் உயிருக்குப் பதில் மரியாதை வேணாமா?

2. வண்டியில கருவி இருந்தா, உயிர் காக்குற வேலைக்கு அதைப் பூட்டி வைக்கக் கூடாது. மாச வாடகையும் கூடாது. வண்டி கை மாறினாலும் கூடவே போகணும்.

3. செய்யாத வேலையைப் பேர்ல சொல்லக் கூடாது. 2025 மார்ச்சுல சீனாவுல ஷாவ்மி எலெக்ட்ரிக் கார் ஒண்ணு ஹைவேல மோதி மூணு காலேஜ் மாணவிங்க செத்தாங்க. மோதுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் டிரைவர் உதவி வசதி ஓடிக்கிட்டு இருந்துது. அடுத்த மாசமே விளம்பரத்துல இதை மிகைப்படுத்திச் சொல்லக் கூடாதுன்னு அந்த அரசாங்கம் கம்பெனிகளைக் கூப்பிட்டுச் சொல்லிடுச்சு. இலவசமாக் குடுத்தாலும் சரி, காசுக்குக் குடுத்தாலும் சரி, 'உதவி'ன்னா உதவின்னுதான் எழுதணும்.

சொகுசுக்கு விலை வைங்க, ஏத்துங்க, இறக்குங்க, ஏலம் விடுங்க. பிரேக்கை விட்டுடுங்க. ரோட்டைக் கடக்குறவங்க யாரும் உங்க விலைப்பட்டியலைப் படிச்சுட்டு வீட்டை விட்டுக் கிளம்புறதில்ல.

பி.கு: "அப்போ டிரைவர் ஒழுங்கா ஓட்ட வேண்டாமா?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: வேணும். ஹெல்மெட் போட்டா மெதுவா போக வேண்டாம்னு யாரும் சொல்லலையே :-)